பரவைக்கடலின் அடிநிலமும் அதில் வாழும் மீன்களும்

மாரிகாலத்தில் வலிகாமத்தின் தாழ்நிலங்களிற் பெய்யும் மழை, நிலம் குடித்ததும் குளம் நிறைந்ததும் போக, வழுக்கியாற்றின் வழியாக ஓடி வட்டுக்கோட்டைக்குத் தெற்கே அராலியிற் பரவைக்கடலைச் சேர்கின்றது. அந்நீர் வெறும் நீராகச் செல்வதில்லை. வயலின் மென்வண்டலும், கரைந்த பசளையும், பூச்சிக்குத் தெளித்த மருந்தின் எச்சமும் அதனுடன் செல்கின்றன. கடலைச் சேர்ந்தபின் இவை யாதாகின்றன என்பதைக் கமக்காரர் எண்ணிப் பார்ப்பது அரிது. கடல் பெரிது, அது எதனையும் தாங்கும் என்பதே பொதுவான எண்ணம்.

அராலிக்கும் வேலணைக்கும் இடையிலும், பொன்னாலைக்கும் காரைநகருக்கும் இடையிலும் கிடக்கும் கடல் அத்துணைப் பெரிதன்று. பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கக்கூடிய ஆழமே அதற்கு உண்டு. நம் வீட்டுச் சட்டிக்கு வரும் நண்டும் இறாலும் ஓராவும் அந்த ஆழமற்ற நீரின் அடியிலேயே வளர்கின்றன. அந்த அடிநிலம் எத்தகையது, மீன் அதனை எவ்வாறு சார்ந்துள்ளது, அது கெடுவது எதனால் என்பவற்றைக் கமக்காரர் எளிதில் விளங்கிக்கொள்வர். ஏனெனில் இதுவும் மண்ணைப் பற்றிய செய்தியே.

கடலடியிலும் மண்வகை உண்டு

உரும்பிராய், இணுவில், சுன்னாகம் ஆகிய ஊர்களின் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் செழிக்கின்றன. அவற்றை மாரியில் அராலித் தாழ்வயலில் வைத்தால் வேரழுகிப் போகும். அராலியில் விளையும் நெல்லைச் செம்மண் தோட்டத்தில் மழையை மட்டும் நம்பி விதைத்தால் நீர் தங்காது பயிர் வாடும். எந்த மண்ணுக்கு எந்தப் பயிர் என்பதை எவரும் நமக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

மீன்களில் ஒரு சாரார்க்கு இவ்விதி பொருந்தாது. சூடை, முரல், அறக்குளா முதலியன மேல்நீரில் ஓடித் திரிபவை. அவற்றின் இரையும் மேல்நீரிலேயே உண்டு. அடிநிலத்திற் படுத்தும், புதைந்தும், அடியிலுள்ளவற்றைக் கிளறித் தின்றும் வாழும் மீன்களோ பயிரைப் போல மண்ணுக்குக் கட்டுப்பட்டவை. மணல், சேறு, கல், புல் என்று அடிநிலம் மாறும்போது அங்கு வாழும் கூட்டமும் மாறுகின்றது. வலையை இறக்குமுன் ஈயக்குண்டைக் கயிற்றிற் கட்டி இறக்கி, அதில் ஒட்டிவரும் மண்ணைப் பார்த்து இடத்தை அறியும் வழக்கம் கடலோடிகளிடம் பழங்காலந்தொட்டே உண்டு. அது நம்மவர் மண்ணைக் கையிற் பிசைந்து பார்ப்பதற்கு ஒப்பானது.

மணற்றரையிற் கிழக்கன் மீன் வாழும். அபாயம் கண்டால் அது தலைகீழாக மணலுட் பாய்ந்து மறையும். திருக்கை தன் அகன்ற உடலால் மணலை விசிறி, உள்ளே புதைந்திருக்கும் மட்டிகளை வெளிப்படுத்தி நொறுக்கித் தின்னும். அதன் வாய் அடிப்புறத்தில் அமைந்திருப்பது இதற்காகவே. நாக்குமீன் மணலின் நிறத்தையே தன் நிறமாகக் கொண்டு கிடக்கும். சங்கும் மணலையே விரும்பும். மணலுள் வாழும் புழுக்கள் அதன் இரை. முன்னாளில் யாழ்ப்பாணக் கடலிலிருந்து வங்காளத்திற்கு வளையல் அறுக்கச் சென்ற சங்குகள் இத்தகைய மணற்றரையிற் குளித்தெடுக்கப்பட்டவையே.

சேற்றுத்தரையைப் பார்த்தால் உயிரற்றதாகத் தோன்றும். ஆயினும் ஒரு கைப்பிடிச் சேற்றை அரித்துப் பார்ப்பவர் அதில் எண்ணற்ற நுண்புழுக்களையும் சிறு நத்தைகளையும் காண்பர். இவற்றைத் தின்ன இறாலும் காரலும் கெளிறும் உழுவையும் வருகின்றன. கற்பார்களிலும் முருகைக்கல் உள்ள இடங்களிலும் கலவாய், கிளிமீன், சிங்க இறால் ஆகியன பொந்துகளைப் பிடித்துக்கொண்டு வாழும். பொந்தில்லாத இடத்திற் பெரிய கலவாயை எதிர்பார்ப்பது வீண்.

இனிக் கடலட்டையைப் பற்றி ஒரு சொல். வெளிநாட்டார் உயர்ந்த விலைக்கு வாங்கும் பொருளாக மட்டுமே அதனைப் பலர் அறிவர். அடிநிலத்தில் அது செய்யும் வேலை நம் தோட்டத்தில் மண்புழு செய்யும் வேலையே. மண்ணை விழுங்கி, அதிலுள்ள அழுகற்பொருளைச் செரித்து, தூய மண்ணை வெளியே விடுகின்றது. மண்ணுட் புதைவதும் வெளிவருவதுமாக மேல்மண்ணைப் புரட்டிக் கொடுக்கின்றது. மண்புழு அற்ற தோட்டம் இறுகுவதுபோல, அட்டை முழுவதும் அள்ளப்பட்ட கடலடியில் அழுகல் தேங்குகின்றது.

கடலடிப் புல்வயல்

இவை எல்லாவற்றிலும் நமக்கு மிக நெருங்கியது புற்றரை. கடற்புல் பாசியன்று. பாசிக்கு உண்மையான வேரில்லை, பூவில்லை. கடற்புல்லோ நிலத்துத் தாவரங்களின் இனத்தைச் சேர்ந்தது; வேரும் கிடைத்தண்டும் இலையும் உடையது; நீருக்குள்ளேயே பூத்து, காய்த்து, விதை விடுவது. வரப்பில் அறுகு ஓடுவதுபோல இதன் கிடைத்தண்டு மண்ணுக்குள் ஓடிக் கணுத்தோறும் வேரூன்றும். பாக்குக் குடாவிலும் யாழ்ப்பாணப் பரவைக்கடலிலும் இதிற் பலவகை உண்டு. நாடாப்போல் நீண்ட இலையுடைய வகையும் உண்டு. விரல்நகம் அளவே இலையுடைய வகையும் உண்டு. காற்றுக் காலங்களில் இப்புல்லும் பாசியும் பிடுங்குண்டு கரையில் ஒதுங்கும்போது அக்குவியலை நாம் சாதாளை என்கிறோம்.

புல்லின் இலையை நேரே மேயும் உயிர்கள் சிலவே. ஆவுளியா எனப்படும் கடற்பசுவும் பேராமையும் மேயும். ஓராவும் ஒட்டியும் இலையையும் அதன்மேற் படரும் பாசியையும் கொறிக்கும். பெரும்பாலான மீன்கள் இலையைத் தின்பதில்லை. இலைமேல் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களையும், இலை உதிர்ந்து மக்கிய எருவில் வளரும் புழுக்களையுமே அவை தின்கின்றன. நாம் வயலுக்குக் குழை தாழ்ப்பது போலக் கடற்புல் தன் இலையைத் தானே உதிர்த்துத் தன் நிலத்துக்கு எருவிடுகின்றது.

உணவினும் மேலான பயன் மறைவிடம். புலிநிற வரியுடைய பச்சை இறாலின் குஞ்சு, விளைமீன் குஞ்சு, நண்டுக் குஞ்சு ஆகியன பெரிய மீனின் கண்ணுக்குத் தப்பிப் பருவமடையுமட்டும் புல்லுக்குள் ஒதுங்குகின்றன. கணவாய் தன் முட்டைக் கொத்துக்களைப் புல்லிலும் கொப்புகளிலும் ஒட்டி வைக்கும். கடற்குதிரை வாலாற் புல்லைப் பற்றிக்கொண்டு நிற்கும். ஆகவே, பரவைக்கடலின் புற்றரையை நாற்றுமேடை என்று கருதுவது பொருந்தும். பயிர் வேறிடத்தில் நிற்கலாம்; நாற்று இங்கேதான் முளைக்கின்றது.

மூன்றாவது பயன் மண்ணைக் காப்பது. வேர்வலை அடிமண்ணைப் பற்றிக்கொள்கின்றது. இலைகள் நீரோட்டத்தைத் தணித்து, மிதந்துவரும் வண்டலைப் படியச் செய்கின்றன. நீர் தெளிகின்றது. தெளிந்த நீரில் வெயில் அடிவரை செல்கின்றது. வெயில் சென்றால் புல் வளர்கின்றது. இந்தச் சுழற்சி ஓரிடத்தில் அறுந்தால் முழுவதும் பின்னோக்கிச் சுழலத் தொடங்கும்: புல் குறைய நீர் கலங்கும், நீர் கலங்க மேலும் புல் குறையும்.

நீலக்கால் நண்டின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டால் இவை யாவும் ஒருங்கே விளங்கும். காக்கைதீவுத் துறையில் நாள்தோறும் நாம் காணும் நண்டு இதுவே. முட்டை சுமந்த பெண் நண்டு உப்பு மிகுந்த வெளிக்கடலை நாடிச் சென்று குஞ்சுகளை விடுகின்றது. கண்ணுக்குத் தோன்றாத அக்குஞ்சுகள் சிலகாலம் நீரில் மிதந்து, பின் கரையோரப் புற்றரைக்கும் சேற்றுத்தரைக்கும் வந்து இறங்கி வளர்கின்றன. வளர்ந்தபின் மணலிற் புதைந்து கண்ணை மட்டும் வெளியே நீட்டிக் காத்திருந்து இரை பிடிக்கின்றன. எனவே ஒரு நண்டுக்குப் புல்லும் வேண்டும், சேறும் வேண்டும், மணலும் வேண்டும், இவற்றுக்கிடையே தடையற்ற வழியும் வேண்டும். பொன்னாலைத் தாம்போதி போன்ற கடல்வழித் தெருக்களின் மதகுகள் அடைபடாது நீரோட்டம் இருக்க வேண்டும் என்று கடற்றொழிலாளர் வற்புறுத்துவது இக்காரணம் பற்றியே.

முத்துப்பார்கள் கற்பித்தது

நம் நாட்டுக் கடலடியை உயிர்நூல் முறையில் முதன்முதல் விரிவாக ஆராய்ந்தது மீனுக்காக அன்று, முத்துக்காக. மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாபத்துறைக்கு எதிரேயுள்ள பார்களில் 1891 இன் பின் பல ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. காரணம் காண அரசாங்கம் இங்கிலாந்திலிருந்து பேராசிரியர் ஹேட்மன் அவர்களை வரவழைத்தது. அவர் 1902 சனவரியில் வந்தார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னல் இங்கேயே தங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அவர்களுடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

அவர்கள் கண்டது கமக்காரருக்கு வியப்பளிக்காது. சிப்பிக் குஞ்சு கல்லைப் பற்றிக்கொண்டாலன்றி வாழாது. பெரியபார் என்னும் இடத்தில் இளஞ்சிப்பி ஆண்டுக்காண்டு ஏராளமாக வந்து படிந்தது. ஆயினும் முற்றுமுன் மறைந்தது. அவ்விடம் ஆழ்கடலின் சரிவை அடுத்திருந்தமையால் பருவக்காற்றின் அலையும் நகரும் மணலும் அவற்றை அள்ளிச் சென்றன, அல்லது மூடிக் கொன்றன. விதை நன்று, நிலம் தகாது. எனவே இளஞ்சிப்பியைப் பெரியபாரிலிருந்து அள்ளிப் பாதுகாப்பான வேறு பார்களில் இடவேண்டும் என்றும், கல்லற்ற இடத்திற் கல்லும் ஓடும் கொட்டிப் பற்றுக்கோடு அமைக்கவேண்டும் என்றும் ஹேட்மன் கூறினார். நாற்றைப் பிடுங்கி நடுவதும் நிலத்தைத் திருத்துவதுமே அவர் சொன்ன மருந்து.

சிப்பி உள்ள பார்களுக்குத் திருக்கைகளும் கிளாத்தி மீன்களும் கூட்டமாக வந்து சிப்பியை நொறுக்கித் தின்பதையும் அவர்கள் கண்டனர். கல் இருந்தால் சிப்பி, சிப்பி இருந்தால் திருக்கை. அடிநிலம் ஒரு மீனை மட்டும் வளர்ப்பதில்லை. ஒன்றையொன்று சார்ந்த ஒரு கூட்டத்தையே வளர்க்கின்றது. 1903 முதல் 1907 வரை முத்துக்குளிப்புக்கள் நடைபெற்றன. பின்னர் பார்கள் மறுபடி நெடுங்காலம் வெறுமையாயின. மனிதன் விதியை அறிந்துவிட்டமையால் மட்டும் கடல் அவன் கைக்குள் வந்துவிடுவதில்லை.

முத்தின் பின் மீனுக்கான ஆராய்ச்சி வந்தது. 1920 ஆம் ஆண்டளவில் அரசாங்கம் ‘லில்லா’ என்னும் இழுவைக் கப்பலைக் கொண்டு இலங்கையைச் சூழ்ந்த கடலடியை ஆராய்ந்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள உவாட்சுத் திட்டும், பருத்தித்துறைக்கு வடகிழக்கேயுள்ள பேதுருத் திட்டும் அடிமீன் பிடிக்கத் தக்க பெருந்தளங்கள் என்பது அதனால் உறுதியாயிற்று. 1976 ஆம் ஆண்டின் கடலெல்லை உடன்படிக்கையால் உவாட்சுத் திட்டு இந்தியாவின் பக்கத்ததாயிற்று. பேதுருத் திட்டின் மீனை இன்றும் நம் வடகரையோர் நம்பியிருக்கின்றனர்.

இழுவைமடி

இழுவைமடி என்பது அடிநிலத்தில் இழுத்துச் செல்லப்படும் பை போன்ற வலை. அதன் வாயை விரித்து வைக்க இருபுறமும் இரும்பு கட்டிய கனத்த பலகைகள் உண்டு. வாயின் கீழ்விளிம்பிற் சங்கிலியும் பாரமும் கோத்த கயிறு உண்டு. பொறிப்படகு இதனை மணிக்கணக்காக இழுக்கும்போது பலகை மண்ணைக் கீறுகின்றது. சங்கிலி புல்லையும் கொப்பையும் சீவுகின்றது. எதிர்ப்பட்ட யாவும் மடிக்குள் விழுகின்றன. வேண்டிய இறாலுடன் வேண்டாத குஞ்சும், சங்கும், புல்லும், சிறுநண்டும் மேலே வருகின்றன. வேண்டாதவை இறந்தபின் கடலில் எறியப்படுகின்றன, அல்லது கோழித்தீனுக்குச் செல்கின்றன.

இதற்கெதிரான முறைப்பாடு புதிதன்று. 1376 ஆம் ஆண்டளவிலேயே இங்கிலாந்து மீனவர் தம் மன்னனிடம், இத்தகைய வலை கடலடியின் பயிரையும் சிப்பிக் குஞ்சையும் மீனின் இரையையும் அழிக்கின்றது என்று மனுக்கொடுத்தனர். அக்காலத்து வலை பாய்மரப் படகால் இழுக்கப்பட்டது. இன்றைய எந்திரத்தின் முன் அது விளையாட்டுப் பொருள்.

பாக்குக் குடா ஆழங்குறைந்தது; பெரும்பகுதி சேறும் மணலும் புல்லும் பரந்தது; கல் குறைவு. மடி கிழியாமல் இழுக்க இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. தமிழகக் கரையில் 1960 ஆம் ஆண்டுகளிலிருந்து இழுவைப்படகுகள் பெருகின. இராமேசுவரம், மண்டபம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், நாகபட்டினம் ஆகிய துறைகளிலிருந்து அவை புறப்பட்டன. 1983 இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் இழுவைப்படகு தொழில் செய்வதைத் தடுத்தது. குடாவோ ஒடுங்கியது, அக்கரையின் அடிநிலம் மெலிந்தபின் படகுகள் இக்கரையை நோக்கின. 1983 தொடக்கம் 2009 வரையான போர்க்காலத்தில் நம் வடகரையோர் கடலில் இறங்கப் பெருந்தடைகள் இருந்தன. போர் முடிந்து அவர்கள் வள்ளத்தையும் வலையையும் மீளத் தேடிக்கொண்டு இறங்கியபோது, தம் கடலில் இழுவைப்படகுகளைக் கண்டனர். இரவில் விரித்த வலை விடியலில் அறுந்து கிடப்பது அவர்களுக்கு வழக்கமாயிற்று. இழுவைப்படகில் வேலை செய்வோரும் தமிழரே, ஏழைத் தொழிலாளரே. படகின் உடைமையும் கடனும் பெரும்பாலும் பிறர் கையில் உள்ளன. இதனால் இவ்வழக்கு எளிதில் தீர்வதாயில்லை.

இலங்கைப் பாராளுமன்றம் 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் அடியிழுவை முறையை முற்றாகத் தடைசெய்தது. அயல்நாட்டார்க்கு மட்டுமன்றி நம் நாட்டுப் படகுகளுக்கும் அது பொருந்தும். இந்திய அரசும் 2017 இல், பாக்குக் குடாவின் இழுவைப்படகுகளைக் கைவிட்டு ஆழ்கடலில் நீள்தூண்டில் தொழிலுக்கு மாறுவோர்க்கு உதவித்திட்டம் தொடங்கியது. 2022 இல் தமிழ்நாட்டரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளுக்கு எதிரே 448 சதுர கிலோமீற்றர் கடலைக் கடற்பசுவின் காப்பகமாக அறிவித்தது. அதுவும் புற்றரையைக் காக்கும் ஏற்பாடே. ஆயினும் இழுவைப்படகு முற்றாக நின்றபாடில்லை.

உழவும் இழுவையும் ஒன்றா?

கமக்காரர் ஒருவர் இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுப்பக்கூடும்; எழுப்புவது நியாயமே. நாமும் நிலத்தைக் கலப்பையாற் கீறுகின்றோம். அதனால் நிலம் வளம் பெறுகின்றதேயன்றிக் கெடுவதில்லை. கடலடியைக் கீறுவது மட்டும் எவ்வாறு தீங்காகும்? இழுவைத் தொழிலை ஆதரிப்போரும் சில வேளைகளில் இவ்வாறே வாதாடுவர்.

நாம் உழுவது அறுவடை முடிந்த வயலை. பயிர் நிற்கும் வயலில் எவரும் கலப்பை பூட்டுவதில்லை. இழுவைமடியோ பயிரும் நாற்றும் விதையும் ஒருங்கே நிற்கும் நிலத்தில் ஓடுகின்றது. நாம் உழுதபின் விதைக்கின்றோம். கடலில் மடியிழுத்தவர் எதனையும் விதைப்பதில்லை. நாம் போகத்துக்குச் சிலமுறை உழுகின்றோம். அங்கோ அதே தரையில் வாரத்திற் பலநாள் மடி ஓடக்கூடும். நெல் நான்கு மாதத்தில் விளைவது; கடற்புல்லின் பெரியவகையோ அழிந்த இடத்தில் மீளப் பரவ ஆண்டுகள் பல வேண்டும். இழுத்தபின் எழும் சேறு நீரிற் கலந்து, மடி படாத அயற்புல்லுக்கும் வெயிலை மறைப்பது வேறு.

தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்பிரில் 15 தொடக்கம் யூன் 14 வரை 61 நாட்கள் இழுவைப்படகுகளுக்கு ஓய்வு விதிக்கப்பட்டுள்ளது. மீன் முட்டையிட அது உதவும். அடிநிலம் தேற அது போதாது. தோட்டத்தைச் சுற்றி வேலியைப் பிடுங்கி, மேல்மண்ணையும் வாரியபின், இரண்டு மாதம் காய் பறியாதிருந்தால் தோட்டம் மீளுமா? மீன்பிடியைக் குறைப்பதும் நிலத்தைக் காப்பதும் வெவ்வேறு வேலைகள். முன்னதைப் பற்றியே பெரிதும் பேசப்படுகின்றது. பின்னதே அடிவாழ் மீனுக்கு முதன்மையானது.

விதைத்து மீட்ட புற்றரை

அழிந்த கடற்புல்லை மீட்டல் கூடுமா என்பதற்கு அமெரிக்காவின் வெர்சீனியா மாநிலத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்குள்ள கரையோரக் குடாக்களின் புற்றரை 1930 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒரு நோயாலும் 1933 இன் பெரும் புயலாலும் அடியோடு மறைந்தது. அதனுடன் அப்புல்லில் வாழ்ந்த விசிறிச் சிப்பியும் மறைந்து, அதனை நம்பியிருந்த தொழிலும் அழிந்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அக்கடலடி வெறுந்தரையாகவே கிடந்தது, தானாகத் தேறவில்லை.

பின்னர் ஆராய்ச்சியாளர் வேறிடத்துப் புல்லிலிருந்து விதைகளைச் சேர்த்து, படகிலிருந்து கையால் வீசி விதைத்தனர். இருபது ஆண்டுகளில் விதைத்தவை 7 கோடிக்கு மேற்பட்டன. விதைத்த நிலம் 200 எக்டேயர் அளவே. புல் தானாகப் பரவிப் பிடித்த நிலம் 3,600 எக்டேயர். புல் வந்தபின் மீனும் மறுபடி வந்தது. விசிறிச் சிப்பியையும் கொண்டுவந்து விட்டனர். கடலிலும் விதைப்பும் முளைப்பும் உண்டென்பது நெல் விதைப்போருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அதே புல்லை வேறு குடாக்களில் விதைத்தபோது பல இடங்களில் அது நிலைக்கவில்லை. வெற்றி கண்ட குடாக்களில் நீர் தெளிவாக இருந்தது. சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஓடிவரும் பசளை குறைவாக இருந்தது. நம் வயலுக்கும் கடலடிக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் வெளிப்படுகின்றது.

வயலிலிருந்து கடலடிக்கு

வெளிக்கடலில் இழுவைப்படகு செய்வதை வட்டுக்கோட்டைக் கமக்காரர் தடுக்கவியலாது. பரவைக்கடலுக்குள் இறங்கும் நீர் அவர் கையில் உள்ளது.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். நெல் எடுத்துக்கொள்ளாத நைதரசன் ஒன்று நீருடன் மேலே ஓடும், அல்லது மண்ணுக்குக் கீழே இறங்கும். கீழே இறங்கியது நம் கிணற்றுக்கு வருகின்றது. வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் குடிநீர் எல்லையைக் கடந்திருப்பது பரிசோதனைகளிற் காணப்பட்டதே. நம் நிலம் சுண்ணக்கல். அதன் வெடிப்புக்களினூடே நிலத்தடி நீர் கடலை நோக்கி ஓடுகின்றது. கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊற்றெடுப்பதைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஆற்றுவழியால் மட்டுமன்றி அடிவழியாலும் நம் பசளை கடலைச் சேர்கின்றது.

கடலில் அது புல்லுக்குப் பசளையாக அமைந்தால் நன்மைதானே எனலாம். அவ்வாறு அமைவதில்லை. நைதரசனை முந்திக்கொண்டு உண்பது நீரில் மிதக்கும் நுண்பாசியும், புல்லின் இலைமேற் படரும் இழைப்பாசியுமே. நெல்வயலிற் களை முந்துவது போன்றது இது. நீர் பச்சையாகும், இலைமேற் பாசி போர்வையாகும், வெயில் தடைப்பட்ட புல் மெல்ல அழுகும். அழுகும்போது நீரிலுள்ள உயிர்க்காற்றும் குறையும். அடியில் வாழும் நண்டும் மீனும் இடம்விட்டுப் பெயரும், பெயர இயலாதவை மடியும். வெளிக்கடலில் அலையும் ஓட்டமும் பசளையைக் கலைத்துவிடும். மூடிக்கிடக்கும் ஆழமற்ற பரவைக்கடலில் அது தேங்கும்.

பூச்சிமருந்தின் தீங்கு இன்னும் நேரானது. பூச்சியும் இறாலும் நண்டும் கணுக்காலிகள் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தத்துவெட்டியைக் கொல்லும் மருந்து நண்டுக் குஞ்சையும் கொல்லும். அதற்கு மிகச் சிறிய அளவே போதும்.

இதனால் பசளையும் மருந்தும் வேண்டாவென்று இங்கு சொல்லப்படவில்லை. 2021 இல் செயற்கைப் பசளையின் இறக்குமதி திடீரென்று தடுக்கப்பட்டபோது விளைச்சல் எவ்வாறு வீழ்ந்ததென்பதைக் கமக்காரர் மறந்திரார்; அத்தடை அவ்வாண்டின் இறுதிக்குள் நீக்கப்பட்டது. வயலுக்கு விலைகொடுத்து வாங்கிய பசளை வயலிலேயே நிற்கவேண்டும் என்பதே கருத்து. ஓடிப்போகும் யூரியாவால் மீனுக்குக் கேடு, கமக்காரருக்குப் பணநட்டம்.

காலபோக நெல்லுக்கு மேற்பசளையிடும் காலமும், ஐப்பசி கார்த்திகை அடைமழையும் ஒன்றாக வருவதே நம் பகுதியின் இடர். கடல்நீர் உட்புகாதபடி வழுக்கியாற்றின் வாயிலில் அமைந்துள்ள அராலித் தடுப்பணையின் கதவுகள் வெள்ளத்தை வெளிவிட இக்காலத்திலேயே திறக்கப்படுகின்றன. அந்நாட்களில் இட்ட பசளை அன்றே கடலைச் சேரும். ஆகவே யூரியாவை ஒரேமுறையில் இடாது பயிர்ப்பருவத்துக்கேற்பப் பங்கிட்டு இடுக. மழை விட்ட இடைநாள் பார்த்து, வயல்நீரை மெல்லியதாக வைத்து, வக்கடையை அடைத்து இடுக. இட்டபின் மூன்று நான்கு நாளாவது வக்கடையைத் திறவாதிருக்க. இதற்கு வரப்பு உயரமாகவும் நண்டுவளை இல்லாமலும் இருக்கவேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பூவரசங்குழையும் எருவும் சேர்த்து வந்த வயலில் மண் பசளையைப் பற்றி வைத்திருக்கும் ஆற்றல் கூடும். வாங்கும் யூரியாவும் குறையும்.

வாய்க்காலோரத்துப் புல்லை அடியோடு செதுக்கிவிடும் வழக்கத்தைக் கைவிடுவது நன்று. ஓரிரு முழ அகலத்துக்குப் புல் நின்றால் வண்டல் அங்கேயே படியும். மருந்து தெளித்தபின் தெளிகருவியை வாய்க்காலிற் கழுவுவோர் இன்னும் உளர். கழுவிய நீரை வயலுக்குள்ளேயே விடவேண்டும். வெற்றுப் போத்தல்களை வாய்க்காலில் எறியலாகாது. தோட்டக்காரர் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நாள்தோறும் மிகுதியாக இறைத்துப் பசளையைக் கீழே ஓட்டுவதிலும், தேவையறிந்து இறைப்பது கிணற்றுக்கும் கடலுக்கும் ஒருங்கே நலம்.

மீன் வாங்கும்போதும் ஒன்றைக் கவனிக்கலாம். வயிற்றின் அடியில் மஞ்சளாகவோ கருமையாகவோ முட்டைக் கொத்துச் சுமந்த நண்டைச் சிலர் சுவை கருதித் தேடி வாங்குகின்றனர். வாங்குவோர் இல்லையாயின் அதனைப் பிடித்தவர் திரும்பக் கடலில் விடத் தயங்கார்.

இறுதியாகச் சாதாளை. இதனைப் பசளையாக்கும் பழக்கம் நம்மவரிடம் முன்பே உண்டு; அது நல்ல பழக்கம். கரையில் ஒதுங்கிக் கிடப்பதை மட்டும் வாருக; நீருள் நிற்கும் புல்லை வாருகோலாற் பிடுங்குதல் நாற்றுமேடையை அழிப்பதாகும். ஒதுங்கியதையும் முழுவதும் வழித்தெடுக்காது ஒரு பங்கைக் கரையிலே விட்டால் மண்ணரிப்புத் தடைப்படும், கரையோரச் சிற்றுயிர்களுக்கும் இரை கிடைக்கும். வாரியதை மேட்டிடத்திற் குவித்து ஒரு மாரிமழை முழுவதும் நனைய விட்டால் உப்பு இறங்கிவிடும். பின்னர் தென்னையடியிற் கிடங்கு வெட்டித் தாழ்த்து மண்ணால் மூடலாம். வெங்காயத் தறைக்கு இடுவதாயின் நன்கு மக்கியபின், ஆட்டெருவுடன் கலந்து, முதலில் ஒரு பாத்தியில் மட்டும் இட்டுப் பார்க்க. இலைநுனி கருகாதிருந்தால் மற்றைப் பாத்திகளுக்கும் இடலாம்.